முட்டுகளை எடுக்கச் சொன்ன சீட்டு

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு அந்தச் சீட்டில் கையெழுத்திட்டேன். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. எங்களிடம் வீடு கட்டக் கொடுத்திருந்த செட்டியார், ராகு காலம் கழியட்டும் என்று எதிரே இருந்த லேவாதேவிக் கிட்டங்கியில் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எங்கள் அலுவலகத்துக்கு மாடியேறி வந்தார்.

பினாங் பீச் தெருவில் இருந்த அந்தக் கம்பெனியில் எனக்கு அது இருபத்து நான்காம் வருடம். படங்களுக்கு நகல் எடுப்பவனாகச் சேர்ந்து, கட்டடங்களை வரைபவனாக உயர்ந்தவன் நான். கடைவீடுகள், கிட்டங்கிகள், இரண்டு பள்ளிக்கூடங்கள், தண்ணீர்மலைப் பக்கத்துப் பங்களாக்கள் என்று நான் வரைந்தவை இன்றும் நிற்கின்றன. வரைவதும் கட்டுவதும் ஒரே கம்பெனி என்பதால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. முனிசிபாலிட்டிக்குப் போகும் படத்தில் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை கையெழுத்திடுவார். வேலை நடக்கும் இடத்துக்கோ என் மேசையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு போனால் போதும், மேஸ்திரி அப்படியே செய்வார். கட்டுவது வேறு கம்பெனியாக இருந்திருந்தால் யாராவது திருப்பிக் கேட்டிருப்பார்கள். எங்களிடம் கேட்க ஆளில்லை. அதை நான் பெருமையாக நினைத்திருந்தேன்.

செட்டியாரின் புது வீட்டுக்கு இரண்டு கார்கள் நிற்கும்படி ஒரு முகப்பு வரைந்திருந்தேன். தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீளும் கான்கிரீட் கூரை. மழையால் கான்கிரீட் போடுவது தள்ளிப்போயிருந்தது. அடியில் முட்டுக் கொடுத்த மரங்கள் இருபத்தெட்டு நாள் நிற்க வேண்டும் என்பது நானே வகுத்த விதி. கான்கிரீட் போட்டு வெள்ளிக்கிழமையோடு பதினேழு நாள்தான். கிரகப்பிரவேசமோ ஞாயிற்றுக்கிழமை.

"முட்டு நிக்கிற வாசல்ல ஆச்சி நிறைகுடத்தோட எப்படி நுழையறது?" என்றார் செட்டியார். "சவுக்குத் தோப்புக்குள்ள போற மாதிரில்ல இருக்கும். இந்தத் தேதியை விட்டா அப்புறம் சித்திரைதான். முன்வரிசையை மட்டும் எடுத்துக் குடுங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாள் பார்க்காமல் என் வீட்டிலும் எதுவும் நடப்பதில்லை. தாளின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். கம்பி தாங்கும் என்று வந்தது. 'முன்வரிசை முட்டுகளை நாளைக் காலை பத்தரைக்குள் எடுக்கலாம்' என்று எழுதினேன். பத்தரைக்கு மேல் வெள்ளிக்கிழமை ராகு காலம். அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட நான், அந்த ஈர நாட்களில் சிமெண்டு எவ்வளவு மெதுவாக இறுகியிருக்கும் என்பதைச் சேர்க்கவில்லை.

அந்த வேலைக்கு ஓவர்சியர் என் மகன். வயது இருபத்திரண்டு. கம்பெனியில் அவனைச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

அன்று மாலை சுங்கை பினாங் வீட்டில் கோப்பி குடிக்கும்போது அவன் கேட்டான். "சீட்டு வந்துச்சுப்பா. நாளைக்குப் பதினேழு நாள்தானே ஆகுது? இருபத்தெட்டுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"முன்வரிசைதானே தம்பி. கணக்குப் பாத்துட்டேன்."

"மழை நாள் வேற."

"கணக்குப் பாத்துட்டேன்னு சொல்றேன்ல."

என் மனைவி குறுக்கே புகுந்தாள். "பொண்ணு பாக்கப் போனாலும் இவன் எத்தனை நாள் காயணும்னுதான் கேப்பான் லா." அவன் சிரித்துவிட்டான். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் காலை பத்து மணி தாண்டியதும் அலுவலகத்துத் தொலைபேசி அடித்தது. முகப்பு விழுந்துவிட்டது, மகன் அடியில் இருக்கிறான் என்றார்கள். ரிக்‌ஷாவில் நான் போய்ச் சேர்வதற்குள் அவனை எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். கூரை சுவரோரம் முறிந்து கிடந்தது. அங்கே இறங்கியதும் நான் முதலில் பார்த்தது கம்பிகளைத்தான். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. சரியாக இறுகாத பச்சைக் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மகன் எங்கே என்று கேட்பதற்கு முன் கம்பிகளைப் பார்த்ததை என் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிற்பகல் இரண்டரைக்கு டாக்டர் வெளியே வந்து என் தோளைத் தொட்டு, பிழைக்கவில்லை என்றார். மனைவியை அவளுடைய அக்கா உள்ளே அழைத்துப் போனாள். நான் பெஞ்சிலேயே இருந்துவிட்டேன்.

அந்தக் கம்பெனியில்தான் இன்னும் வேலை பார்க்கிறேன். வேறு தொழில் தெரியாது. ஆனால் சீட்டு எழுதுவதில்லை. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு அலுவலகத்துக்கு வரப் பத்து நிமிடம் தாமதமானால் அலுவலகத்திலிருந்து இறங்கித் தெருமுனைவரை நடக்கிறேன். "அப்பா, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று கோபித்துக்கொள்கிறாள். அவள் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடக்கிறேன்.

அன்று வராந்தாவில் என்னைக் குடைந்துகொண்டிருந்தது ஒன்றுதான். அவன் என் கணக்கை நம்பித்தான் அங்கே நின்றானா? துரை வந்து, விபத்து என்றார். செட்டியார் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். மேஸ்திரி வரவே இல்லை.

நான்கு மணிக்கு மேல், அந்த வேலையில் கல் சுமக்கும் அம்மாள் ஒருத்தி வந்தாள். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள், இடிபாட்டைப் புரட்டி அவனை எடுத்ததில் பட்ட காயத்துக்கு முழங்கையில் கட்டு. தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சொன்னாள்:

"நான் பக்கத்துலதான் நின்னேங்க ஐயா. தம்பி அந்தச் சீட்டை ரெண்டு வாட்டி படிச்சாரு. 'எங்கப்பா எழுதினா தப்பா இருக்காது'ன்னு சொன்னாரு. சொல்லிட்டு, எங்க எல்லாரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிட்டாரு. மேஸ்திரி கையிலேருந்து சம்மட்டியை வாங்கிக்கிட்டு அவரே உள்ள போனாருங்க."