பின்வாசல் இலை

பேய்க்கதை சொல்ல ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான், அதை மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எங்கள் சாப்பாட்டுக்கடை இருப்பது ராஜா காலத்து ஊட்டுப்புரையில், அரண்மனைச் செலவில் சோறு போட்ட கட்டடம். அன்றைக்கு உள்ளே உயர்ந்த சாதிக்கு இலை போட்டு இலவசச் சோறு, மற்றவர்களுக்குப் பின்வாசலில் மணம் மட்டும். அப்பா கடை தொடங்கிய நாள்முதல் ஒரு வழக்கம் உண்டு. மதியம் மூன்று மணிக்கு, சோறு பொங்கும் பெரிய வெண்கல வார்ப்பைக் கழுவும் முன், அடிச்சோற்றை ஓர் இலையில் அள்ளிப் பின்வாசல் கல்படியில் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் பின்வாசலில் பசியோடு நின்று செத்தவர்களுக்கு என்பார் அப்பா; காக்கா தின்னும், அவ்வளவுதான்.

கடை என் கைக்கு வந்ததும் அதை நிறுத்தினேன். முப்பது வருஷமாகச் சமைக்கிற எஸ்தர் அக்கா கெஞ்சினாள்.

"ஒரு பிடி சோறுதானே மக்கா."

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாட்டு, மத்த நாளு பேய்க்கு எலையாக்கா? ஒங்க பாஸ்டருக்குத் தெரியுமா?"

கடையே சிரித்தது. அவள் கண் கலங்கியதும் எனக்கு உற்சாகம் கூடி, வார்ப்பில் தண்ணீரை ஊற்றினேன், நாலு பேர் உண்ணும் சோறு வெள்ளை வெள்ளையாக மிதந்தது. அப்போது வெளியே ஒரு பெண்குரல்: "சோறு இரிக்கா?"

"தீந்து போச்சு" என்றபடியே கதவைத் திறந்தேன். நல்ல வெயில். படியில் யாரும் இல்லை.

அன்று பிடித்தது பசி. நம்பினால் நம்புங்கள், மூன்று இலைச் சோறு தின்றும் வயிறு ஒட்டியே கிடக்கும். சுகர் என்பீர்கள், ரெண்டு ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று, சுகரும் இல்லை, பூச்சியும் இல்லை. ஆள் பாதியானேன். ஒருநாள் தலைசுற்றி அந்தக் கல்படியில் சரிந்தபோது என் வாய் தானாகவே கேட்டது: "சோறு இரிக்கா?" அக்கா அடிச்சோற்றை ஓர் இலையில் அள்ளி நீட்டினாள். அது மட்டும் வயிற்றில் நின்றது.

இப்போது தினமும் மூன்று மணிக்கு என் கடையின் பின்வாசலில் நான் நிற்கிறேன். அக்கா அவசரப்படமாட்டாள், வார்ப்பைச் சுரண்டிக்கொண்டே இருப்பாள்.

"வரிசையில நில்லு மக்கா. ஒனக்கு முன்னால ஆளு நிக்கி."

படியில் நான் மட்டும்தான். ஆனாலும் முதல் இலையை எனக்கு முன்னால் வெறும் காற்றில் நீட்டுவாள், பிறகு அடுத்தது, அடுத்தது. சில நாள் என் முறை வருமுன் வார்ப்பு காலி. ஒவ்வொரு இலையையும் நீட்டிவிட்டு அவள் கையை எடுத்துவிடுகிறாள், என் கண் முன்னால்தான். ஓர் இலைகூடக் கீழே விழுந்து நான் பார்த்ததில்லை.