கத்தியோடு வருகிறவர்கள்

சரக் அக்காவின் கதவை யாராவது தட்டினால், தட்டுகிறவர் கையில் கத்தி இருக்கும். அந்தக் குடியிருப்பில் அவள் கதவைத் தட்ட வேறு காரணம் யாருக்கும் கிடையாது.

பெயர் அங்கிருந்த பொடிசுகள் வைத்தது. மூன்றாவது மாடியில் அவள் கத்தி தீட்ட உட்கார்ந்தால் மாடிப்படி முழுக்கச் சரக், சரக் என்று கேட்கும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கடைசியாகக் கூப்பிட்டவர் ஆஸ்பத்திரியில் சம்பளம் கொடுத்த குமாஸ்தாதான். அந்த ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில்தான் அவள் தலை நரைக்கும்வரை காய் நறுக்கினாள். கத்திகளைத் தீட்டும் வேலையை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. மழுங்கின கத்தியோடு மல்லுக்கட்டப் பொறுமையில்லாமல் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். நடுவில் கல்யாணம் ஒன்று வந்தது. ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டு, சண்டைகூடப் போடாமல் போய்விட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் கைதட்டினார்கள். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு சாணைக்கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

கல்லை வாளித் தண்ணீரில் போட்டு, குமிழி அடங்கும்வரை ஊறவைப்பாள். முதலில் சொரசொரப்பான கறுப்புக் கல், பிறகு வழவழப்பான சாம்பல் கல். கத்தியின் முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு நாணயத்தை அடுக்கி நுழைக்கிற இடைவெளி இருக்க வேண்டும். அதை அளக்க அவளுக்கு நாணயம் வேண்டியதில்லை, மணிக்கட்டு போதும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும்பி விரலில் தட்டுப்படும். அப்போது திருப்பிப் போட வேண்டும்.

காசு வாங்கமாட்டாள். “உக்காரு, ஆயிடும்” என்பாள். உட்கார்வதுதான் கூலி.

அதிலேதான் சிக்கல். அவள் தீட்டிய கத்தி சீக்கிரத்தில் மழுங்காது. நாலைந்து மாதம் நிற்கும். கொண்டுவந்தவர்களும் நாலைந்து மாதம் கழித்துத்தான் எட்டிப்பார்ப்பார்கள். தொழில் சுத்தம் தனக்கே எதிரியாய்ப் போன கதை.

இரண்டாவது மாடியில் பஸ் கண்டக்டர் ஒருத்தி இருந்தாள். கூட்டத்தில் கத்திக் கத்திச் சாதாரணப் பேச்சும் அவளுக்குக் கூவலாகத்தான் வரும். புருஷன், மாமியார், இரண்டு பிள்ளைகள், காலை ஷிப்ட், மாலைச் சமையல் என்று சுற்றுகிறவள். ஒருநாள் கத்தியோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“அக்கா, இன்னைக்கு ஒரு ஆளு கோழியத் தூக்கிட்டு ஏறுறான். கோழிக்கும் டிக்கெட் எடுய்யான்னேன். ‘எதுக்குங்க? அது சீட்டுல உக்காராது, நின்னுக்கிட்டே வரும்’ங்கறான்!”

சரக் அக்கா சிரித்த சிரிப்பில் மணிக்கட்டு இறங்கிவிட்டது. ஒரு நாணயம் அளவுக்கு. கவனிக்காமல் அப்படியே தீட்டி முடித்துவிட்டாள். கொடுக்கும்போது விளிம்பு வெங்காயச் சருகாட்டம் மெலிந்திருந்தது. அப்படித் தீட்டின கத்தி முதல் சில நாள் ஜாலம் காட்டும். பிறகு பலகையில் படப்பட விளிம்பு மடங்கிவிடும்.

பத்து நாளில் கதவு தட்டப்பட்டது.

“என்னக்கா இது! அன்னைக்குத் தக்காளிய வெச்சதும் வெட்டுச்சு. இன்னைக்கு நசுக்கிச் சாறு புழியுது.”

சரக் அக்காவுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. கல்லை ஊறப்போட்டாள். கண்டக்டர் இன்ஸ்பெக்டரோடு நடந்த சண்டையை இரண்டு குரலில் நடித்துக் காட்டினாள். இந்தமுறை அக்கா சிரிக்கவில்லை. ஆனால் மணிக்கட்டு இறங்கியது. அதுவாக இறங்கவில்லை.

அதன்பிறகு கண்டக்டர் பத்து நாளைக்கொரு தரம் வந்தாள். அக்கா ஸ்டூலைத் தள்ளிவிட்டுச் சாய்வு வைத்த நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டாள். மற்றவர்களின் கத்திக்கெல்லாம் இரண்டு நாணயம், கண்டக்டரின் கத்திக்கு மட்டும் ஒன்று.

பிறகு ஒரு மாலை கண்டக்டர் கத்தியோடு ஒரு அட்டைப்பெட்டியையும் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் சாமான். அதன் இடுக்கில் இரண்டு சின்னச் சக்கரங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன.

“கத்திய இதுல வெச்சு ரெண்டு இழு இழுத்தாப் போதுமாம். இனிமே உங்கள தொந்தரவு பண்ண மாட்டேன்கா. வீட்டுக்காரர் திட்டறார், ‘சும்மா தீட்டித் தர்றாங்கன்னு அந்தம்மா கைய ஒடிக்கிறியா’ன்னு. அவர் சொல்றதும் சரிதான். எல்லார் கத்தியும் நிக்குது, என்னுது மட்டும் நிக்கல. என் கைதான் தப்பு. காயா வெட்டறேன்? வெறகு பொளக்கறேன்.”

அந்தச் சக்கரம் கத்தியைக் கடித்துத் துப்பிவிடும். பேசாமலிருந்தால் கத்தியும் போகும், கண்டக்டரும் போவாள். பேசினால் கத்தி மட்டும் பிழைக்கும்.

“உன் கை நல்ல கை. என் கைதான் கோணல்” என்றாள் அக்கா.

“என்னது?”

“மெலிசாத் தீட்டினேன். சீக்கிரம் மழுங்கட்டும்னு. வேணும்னேதான்.”

கண்டக்டருக்குக் குரல் இறங்கி அன்றுதான் அக்கா பார்த்தாள்.

“தீட்டுன மரத்துலயே பதம் பாக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். மரமா இருந்து இப்பத்தான் பாக்கறேன். மாமியாகிட்ட எத்தன பேச்சு வாங்கினேன் தெரியுமா, காய் நறுக்கத் தெரியலன்னு? எதுக்குக்கா? சும்மா வான்னா வந்திருக்க மாட்டேனா?”

“கூப்பிட்டேனே. டீ குடிக்க வான்னு மூணு தடவ கூப்பிட்டேன். ‘வேலை கெடக்குக்கா’ன்ன. நாலாவது தடவ கூப்பிட வெக்கமாப் போச்சு.”

கண்டக்டர் அட்டைப்பெட்டியை மூடினாள்.

அக்கா கத்தியை வாங்கிக் கறுப்புக் கல்லில் வைத்தாள். மெலிந்துபோன விளிம்பையெல்லாம் தேய்த்து எடுத்தாக வேண்டும். இரண்டு நாணயம், பிசகாமல். கண்டக்டர் நாற்காலியில் உட்காரவில்லை, கதை எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் கத்தியைப் பழைய பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டாள். “இதக் கடையில திருப்பிக் குடுத்துடறேன்” என்று பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பத்து நாள் ஆயிற்று. இருபது நாளும் ஆயிற்று. நாற்காலியில் துவைத்த துணி மடித்தபடி கிடந்தது.

ஒரு காலை அக்கா பால் வாங்கிக்கொண்டு படி ஏறும்போது கண்டக்டர் பையை மாட்டியபடி தடதடவென்று இறங்கி வந்தாள். தாண்டிப் போய்விடுவாள் என்று அக்கா சுவரோரம் ஒதுங்கி நின்றாள். இரண்டு படி தாண்டிய பிறகு சத்தம் நின்றது.

“அக்கா! கத்தி இன்னும் நிக்குது!” மாடிப்படி முழுக்கக் கேட்கிற பழைய குரல்.

“நிக்கும்.”

“எத்தன நாளைக்கு?”

“அழுத்தாம வெட்டினா, இந்த மழைக்காலம் முடியற வரைக்கும்.”

கண்டக்டர் கைப்பிடியைத் தட்டினாள்.

“அழுத்தி வெட்டினா? பத்து நாள்ல வரணுமா?”

கேள்வி என்ன கேட்கிறது என்று அக்காவுக்குப் புரியாமல் இல்லை. பால் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“கத்தி வீணாப் போயிடும்” என்றாள். “அழுத்தாத.”