சாயம் வெளுத்த கார்களோடு ஒரு மல்லுக்கட்டு

பழைய காருக்கு மெருகேற்றும் தொழிலில் கை ஓய்ந்தாலும் மனசு ஓயாது. வெயில் அடித்தால் பெயிண்ட் வெளுக்குமே என்று கவலை. மழை பெய்தால் வேலை நிற்குமே என்று கவலை. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் வரும், இடையில் உப்புக்காற்று வேறு. சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்துக் கிடக்கும் கார்களை, புதுப் பெயிண்ட் அடிக்காமல், இருக்கிற பெயிண்டையே தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான் பார்வதிபுரத்தில் என் பிழைப்பு. பழைய கார் வைத்துக்கொண்டு உறக்கம் கெட்டவர்களே, உங்கள் கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீலமாகிப்போன பஞ்சு

பூதப்பாண்டியிலிருந்து சிவதாணு அண்ணாச்சி தன் நீல அம்பாசிடரைக் கொண்டுவந்தார். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றால் கேட்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். மெஷினில் மாட்டிய பஞ்சு வட்டை பானெட்டில் ஓட்டினேன். வெள்ளைப் பஞ்சு நீலமானது. அவ்வளவுதான், பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"செத்த தோலுதான் வருது அண்ணாச்சி, உசுருள்ளது அடியில பத்திரமா இருக்கு" என்று சொல்லி, தேய்த்த இடத்தைத் துடைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார். அவர் மீசை அவருக்கே தெரிந்தது. பிளக்கை அவரே மாட்டிவிட்டார். ஆனாலும் வேலை முடிகிறவரை "மெள்ள வே, மெள்ள" என்பதை நிறுத்தவில்லை. எனக்கும் பயம்தான். பழைய பெயிண்ட் எந்த இடத்தில் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு அழுத்து கூடினால் தகரம் பல்லிளித்துவிடும். நல்லவேளை, இளிக்கவில்லை. கிளம்பும்போது அந்த நீலப் பஞ்சைக் கேட்டு வாங்கி, பேப்பரில் பொதிந்துகொண்டு சொன்னார்: "இதுல இருக்கது எங்க வண்டிக்க நெறமாக்கும். ஒம்ம குப்பையில போட்டுட்டுப் போக மனசு வரல்ல வே."

பாதி பானெட்

மார்த்தாண்டத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பா இறந்தபிறகு அவருடைய பச்சை ஃபியட் இருவருக்கும் பொதுவில் நின்றது. வளைகுடாவிலிருந்து லீவில் வந்த தம்பி, பளபளப்பாக்கச் சொல்லி வண்டியை என் ஷெட்டில் விட்டார். பானெட்டின் நடுவில் டேப் ஒட்டி, ஒரு பாதியை முடித்து, மறு பாதியோடு ஒப்பிட்டுக் காட்டத் தயாராக வைத்திருந்தேன். அப்போது அண்ணன் வந்தார். "அப்பா ஓட்டுனப்ப இருந்த மாதிரியே கெடக்கட்டும், தொடாதேயும்" என்றார். தம்பிக்குப் போன் போட்டேன். "அப்பா ஓட்டுனப்ப வெளுத்தா கெடந்தது? நீங்க தேயுங்க" என்றார் அவர். இருவர் சொல்வதும் நியாயமாகவே பட்டது. அதுதான் தொல்லை.

இன்னொரு சாவி அண்ணனிடம் இருந்தது. டேப்பைக் கிழித்துப்போட்டுவிட்டு, பாதி மினுங்க, பாதி மங்க, அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் கைவேலை ஊருக்குள் அரைகுறையாகச் சுற்றுகிறதே! பிறகு ஒருநாள் சந்தைப் பக்கம் அவரைப் பார்த்து, மீதியையும் முடித்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் சிரித்தார். "வக்கீல் வச்சும் முடியாத பாகப்பிரிவினைய நீரு ஒரு டேப்ப ஒட்டி முடிச்சுட்டீரு. இனி அதுல கைய வைக்காதேயும்."

கல்யாண வீட்டில்

வெளுத்த காரைக் கண்டால் என் விரல் சும்மா இருக்காது. மனைவியின் உறவில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் யாருடையதோ ஒரு சிவப்புக் கார், ரோஸ் நிறத்துக்கு இறங்கி நின்றது. பானெட்டில் விரலை ஓட்டி, ஒட்டிய பொடியைப் பார்த்து 'ச்சு' கொட்டினேன். இன்னொரு இடத்திலும் தடவினேன். பின்னால் மாப்பிள்ளையின் மாமா நின்றிருக்கிறார், வண்டி அவருடையது. நான் பேச வாயெடுக்கும் முன் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள்: "நீங்க கல்யாணத்துக்கு வந்தியளா, காரு செத்துப்போச்சுன்னு துஷ்டி கேக்க வந்தியளா?"

இனயத்துக் கான்டெசா

கடலோர ஊரான இனயத்தில் ஸ்டெல்லா என்றொரு பெண்; அவள் கணவர் ஆன்றோ ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர். அவருக்கு தன் மெரூன் நிற கான்டெசா கார் மேல் உயிர். அதை மூடியிருந்த தார்ப்பாயை, ஒழுகுகிற அடுக்களைக் கூரைக்கு எடுத்துப் போட்டுவிட்டாள் ஸ்டெல்லா. உப்புக்காற்று தன் வேலையைக் காட்டிவிட்டது. ஆன்றோ திரும்புவதற்குள் சரிசெய்ய வேண்டும் என்று கூப்பிட்டாள். வண்டி ஸ்டார்ட் ஆகாததால் நானே இனயத்துக்குப் போனேன்.

உப்பைக் கழுவித் தேய்க்கத் தொடங்கிய அன்றே புயல் எச்சரிக்கை வந்தது. கோயில் முற்றத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். படகிலிருந்து தகவல் இல்லை. நான் மெஷினை அணைத்துவிட்டு, "இன்னொரு நாள் வாறேன்" என்றேன். "நிறுத்தாதீங்க அண்ணே. இந்தச் சத்தம் நின்னா கடல் சத்தம் கேக்கும்" என்றாள் ஸ்டெல்லா. தேய்த்தேன். தேய்த்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். மறுநாளும் போனேன். காருக்காகப் போனேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நடுப்பகலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மெஷினை அணைத்தேன். ஸ்பீக்கரில் ஆன்றோவின் குரல், வடக்கே தொலைவிலுள்ள ரத்னகிரித் துறைமுகத்திலிருந்து. ஸ்டெல்லா மணலில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பக்கமிருந்து ஆன்றோ தேற்றினார். "நாங்க எல்லாரும் கரை பிடிச்சாச்சு, அழாத. இப்ப நின்னுச்சே, அது என்ன மெஷின் சத்தம்? ஏட்டி, நீ வண்டிய மூடாமப் போட்டியா?"

வெயிலும் உப்புக்காற்றும் படியளக்கிற தொழிலில் எங்களுக்கு அவற்றைத் திட்ட வழியில்லை; வண்டிக்காரர்களோ அவற்றின் மேலுள்ள கோபத்தை எங்களைத் திட்டியே தீர்த்துக்கொள்கிறார்கள்.