பூட்டு தொங்கிய பதினேழு வீடுகள்

நாய்க்குப் பயந்து ஓடுவதும் டீச்சர் வேலையில் ஒரு பகுதி என்று உங்களுக்கு யாராவது முன்கூட்டிச் சொன்னார்களா? எனக்குச் சொல்லவில்லை. ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். மாலை நாலரைக்கு மேல் வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் டியூட்டி. கையில் பட்டியல், தோளில் பை, ஸ்கூட்டியின் முன்பக்கம் நின்றபடி "மா, பௌ பௌ" என்று எனக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கும் இரண்டு வயது மகள். நான் கிராமத்துப் பள்ளியில் படித்தவள். எங்கள் ஊரில் ஆளின் பெயரைச் சொன்னால் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். இங்கே பன்னிரண்டாம் நம்பருக்குப் பக்கத்தில் நாற்பத்தேழு இருக்கிறது. பதிமூன்று எங்கே என்று கேட்டால், பழைய நம்பரா புது நம்பரா என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். இந்த டியூட்டி பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பார்க்காதவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டுவிட்டு மேலே படியுங்கள்.

ரெண்டும் இருக்கட்டும்

முதல் நாள் ஒரு பெரிய அப்பார்ட்மெண்ட். வாசலில் செக்யூரிட்டி அண்ணன் நோட்டை நீட்டினார். "என்ன விஷயமாக" என்ற கட்டத்தில் எனக்கு மேலே பார்சல், பிளம்பர், பார்சல், பார்சல் என்று இருந்தது. உற்சாகத்தில் "ஜனநாயகம்" என்று எழுதிவிட்டேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "அவங்க எந்த ஃபிளாட் மேடம்?" என்றார்.

மூன்றாவது மாடியில் ஒரு ஐ.டி. தம்பி கதவைத் திறந்தார். பட்டியலில் இங்கே ஒரு பெயர், சொந்த ஊரில் ஒரு பெயர். ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று பொறுமையாகச் சொன்னேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "ரெண்டும் இருக்கட்டும் மேடம், ஒண்ணு பேக்கப்."

சிவப்பு மை

அடுத்த தெருவில் ஒரு அம்மா தனியாக இருந்தார். கணவர் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், போன வருடம் இறந்துவிட்டார். அவர் பெயரை நீக்கக் கையெழுத்து வேண்டும். அந்த அம்மா பேனாவைத் தொடவில்லை. என் மகளுக்குப் பிஸ்கட் கொடுத்தார், எனக்குக் காப்பி கொடுத்தார், மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினார். போன தேர்தலுக்கு இரண்டு பேரும் ஒரே குடையில் போனதைச் சொன்னார். நான் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தேன், வேறென்ன செய்ய?

கடைசியில் அவரே படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். என் பையில் செருகியிருந்த பேனாக்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிவப்பு மையில அடிச்சிடாதீங்கம்மா. அவர் ஒண்ணும் தப்பு பண்ணலை."

மூன்று தடவை

ஏரிக்கரைக்குப் பின்னால் ஒரு சந்து. தகரக் கூரை, ஓட்டுக் கூரை எல்லாம் கலந்து இருபது வீடு. அதில் பதினேழில் பூட்டு. விதிப்படி மூன்று தடவை போகவேண்டும். போனேன், மூன்று நாளும் பள்ளி முடிந்து ஐந்து மணிக்கு. மூன்று நாளும் அதே பூட்டு. மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் வேறு. பதினேழு வீட்டுக்கும் நேரே "இடம் பெயர்ந்தவர்" என்று நீல மையில் கடகடவென்று எழுதினேன். கொடியில் ஈரத்துணி தொங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் எழுதினேன். அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் மனசு கொஞ்சம் உறுத்தியதால் தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டார். "மூணு தடவை போனீங்கல்ல? அதோட உங்க பொறுப்பு முடிஞ்சுது. வீட்டுக்குப் போய்க் கொழந்தையப் பாருங்க டீச்சர்."

பதினெட்டு வயது

வரைவுப் பட்டியலை எங்கள் பள்ளிச் சுவரிலேயே ஒட்டினார்கள். அந்த வாரம் பாடமும் பொருத்தமாக வந்து வாய்த்தது. ஏழை, பணக்காரர், படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் பதினெட்டு வயது நிரம்பிய எல்லாருக்கும் வோட்டு உண்டு என்று கையை ஆட்டி ஆட்டி நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினேன்.

இரண்டாவது பெஞ்சில் தேன்மொழி எழுந்தாள். ஏரிக்கரைச் சந்துதான். அவள் அம்மா செல்வி அப்பார்ட்மெண்டுகளில் வீட்டு வேலை செய்கிறவர். காலையில் சுவர்ப் பட்டியலைத் தாயும் மகளும் மேலிருந்து கீழ்வரை தேடியிருக்கிறார்கள். குறும்பு ஒன்றும் இல்லை, நிஜமான சந்தேகத்தோடுதான் கேட்டாள்: "அப்ப எங்கம்மாவுக்கு இன்னும் பதினெட்டு ஆவலையா டீச்சர்?"

தண்ணீர் லாரி

விசாரித்தேன். அந்தச் சந்தில் காலை ஆறரைக்குப் பூட்டினால் ராத்திரி எட்டுக்குத்தான் திறப்பார்கள். நான் ஐந்து மணிக்குக் கதவைத் தட்டியபோது அந்தப் பெண்கள் எல்லாம் மேடவாக்கத்தில் யார் வீட்டிலோ சாயங்காலப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போனதுதான் அவர்கள் செய்த குற்றம். பெயர் சேர்க்க அந்த ஞாயிறுதான் கடைசி நாள். எல்லாரும் ஒன்றாகச் சிக்கும் இடம் ஒன்றுதான்: காலை ஐந்தரைக்குத் தண்ணீர் லாரி வரும் முனை. மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, படிவக் கட்டோடு போய் நின்றேன்.

செல்வி குடத்தை இடுப்பில் இருந்து இறக்கவே இல்லை. "இன்னா டீச்சர், நாங்க இன்னா ஊரக் காலி பண்ணிக்கினா பூட்டோம்? லிஸ்ட்ல ஆளே இல்லாத தெருவுக்கு எதுக்கு லாரின்னு ஆபீஸ்ல இப்பவே கேக்குறானுங்க. இதுவும் நின்னுச்சுன்னா குடிக்க இன்னா பண்றது?" என்றார். நான் வாதாடவில்லை. தப்பு என்னுடையது, சரிபண்ணத்தான் வந்தேன் என்றேன். குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "சரி, லாரி வர்றதுக்குள்ள முடி" என்றார்.

பதினேழு வீடு, நான் ஒருத்தி. அந்தச் சந்தில் என் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆளுக்கொரு பேனா கொடுத்தேன். கவிழ்த்த குடங்களின் மேல் படிவத்தை வைத்து அவரவர் அம்மாவிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் விவரம் கேட்டு எழுதினார்கள். நான் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். கையெழுத்துப் போட செல்வி குனிந்தார். எழுத்து கட்டத்தைத் தாண்டப் பார்த்தது. தேன்மொழி பதறிவிட்டாள். "கோட்டுக்கு வெளிய போவாதம்மா, டீச்சர் மார்க்கு கொறப்பாங்க!"

மெமோ

முதலில் "இடம் பெயர்ந்தவர்" என்று எழுதியவளே இப்போது "இங்கேயே குடியிருக்கிறார்" என்று எழுதினால் விளக்கம் கேட்பார்கள் அல்லவா? "நான் போன நேரம் தவறு, அவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வை அதிகாரி நல்ல மனுஷர். பூட்டியிருந்தது என்று மட்டும் எழுதினால் எனக்கு ஒன்றும் வராது, இப்படி எழுதினால் மெமோ வரும் என்று தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார். பூட்டின் மேல் பழியைப் போட்டால் அடுத்து வருகிற டீச்சரும் ஐந்து மணிக்குத்தானே போவார்?

மெமோ வந்தது. பயந்துகொண்டே கணவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ தப்புன்னு ஒத்துக்கிட்ட மொத விஷயம். ஃப்ரேம் போட்டு மாட்டிடலாமா?"

ஒரு மணி நேரம்

இறுதிப் பட்டியல் வந்துவிட்டது. பதினேழு வீடும் இருக்கிறது. நேற்றுக் காலை வேலைக்குப் போகும் வழியில் செல்வி வந்து, சுவரில் தன் பெயரைக் கண்டுபிடித்து, போனில் படம் எடுத்துக்கொண்டார். அப்புறமும் போகாமல் நின்றார். அவர் சமைக்கிற வீட்டு அம்மாவும் அரசுப் பள்ளி டீச்சராம். தேர்தல் டியூட்டிக்கு முந்தின நாளே கிளம்பிவிடுவாராம். அதனால் வோட்டு அன்றைக்கு விடியற்காலையில் இருந்து ராத்திரி வரை செல்விதான் அங்கே இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

ஒரு தெருவையே ஒரு சாயங்காலத்தில் ஒற்றை டீச்சர் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம், ஒரு பெயரை வாக்குச்சாவடிவரை கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இரண்டு டீச்சர் தேவைப்படுகிறது. செல்வி போனை இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டார்: "நான் கேட்டா மூஞ்சி மாறிப்பூடும். நீங்களும் டீச்சர், அவங்களும் டீச்சர். ஒரு மணி நேரம் என்னை வுடச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன் டீச்சர்."