மூக்கம்மா

இன்று காலை சவரம் செய்கையில் சோப்பு நுரை என் மூக்கின் பழைய துளையில் போய் ஒட்டிக்கொண்டது. எனக்கு முன் பிறந்த மூன்று ஆண்பிள்ளைகளும் தங்காததால், எனக்கு மூக்குக் குத்திப் பித்தளை வளையம் மாட்டியிருந்தார்கள். செவ்வாப்பேட்டை ஸ்டேஷனை ஒட்டி அன்றிருந்த, கரிப்புகை வாடை அடிக்கும் ஓட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதைக் கழற்றச் சொன்னார். அம்மா வந்து நின்றாள்.

“பொட்டப் புள்ளன்னு நெனச்சிக்கினு எமன் போயிடட்டும் சார். உங்க ரிஜிஸ்டர்ல மட்டும் பையன்னு எழுதிக்குங்க.”

மறுநாளிலிருந்து அவர், ரயில் சத்தம் ஓயும்வரை காத்திருந்து, தெருவுக்கே கேட்கும்படி “மூக்கம்மா” என்று ஆஜர் கூப்பிட்டார். வகுப்பு சிரிக்க, நான் அழுகையோடு “பிரசன்ட் சார்” என்பேன். எண்பதை நெருங்கும் இந்த முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போதுதான் தெரிகிறது, அந்த நல்ல மனுஷன் எமன் காதில் விழட்டும் என்றுதான் அத்தனை உரக்கக் கூப்பிட்டிருக்கிறார்.