சிந்துஜாவின் கன்னத்தில் மூன்று விரல்

ஹபீலா என்ற பெயரை ஜெயராணி முதன்முதலாகக் கேட்டது பிலிமத்தலாவைப் புடைவைக் கடையில், வாயில் ஒரு துண்டு கடப்பாசி இருந்த நேரத்தில். அது நோன்பு மாதம். கூட வேலை பார்க்கும் ஆஸிகா வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பண்டம், பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி போல இருந்தது, தொட்டால் நடுங்கியது. யார் கைப்பக்குவம் இது என்று ஜெயராணி கேட்டாள். கட்டுகஸ்தோட்டை ஹபீலா மாமியுடையது, போட்டோ எடுக்கிற பேப்பரும் அவங்கதான் செய்றாங்க என்றாள் ஆஸிகா.

ஜெயராணி மெல்லுவதை நிறுத்தினாள்.

"ரெண்டும் ஒரே சட்டியிலயா?"

ஆஸிகாவுக்குத் தெரியவில்லை. கடையில் ஆள் நின்றதால் துப்பவும் வழியில்லை. ஜெயராணி விழுங்கிவிட்டாள். அன்று முழுக்க வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், ஒன்றும் ஆகவில்லை.

ஜெயராணி யார் என்றால், மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மேல் லயத்து மாரிமுத்துவின் நாலாவது பெண். மூத்தவளை வத்தேகமவில் கொடுத்தது, இரண்டாமவளை ரங்கலையில், மூன்றாமவள் தானே பார்த்துக்கொண்டு போய் இப்போது எல்லாரையும் விட நன்றாக இருக்கிறாள். ஜெயராணியைக் கட்டியவர் ராஜலிங்கம், லொறி ஓட்டுகிறவர். வாயைத் திறந்தால் அது கொட்டாவிக்குத்தான். ஒரே மகள் சிந்துஜா, பாலர் பாடசாலையில் டீச்சர்.

ஹபீலா பிறந்தது அக்குறணையில், ஐந்து பெண்களில் மூத்தவளாக. ஆறாவதாக ஒரு தம்பி, அரூஸ். எட்டாம் வகுப்போடு நின்று, உம்மாவோடு அடுப்படிக்கு வந்தவள். கடப்பாசியா, மஸ்கட் அல்வாவா, வட்டிலப்பமா, கல்யாண வீடுகளில் அவள் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை முஹம்மது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவருக்குச் சீனி வருத்தம், அதனால் வீட்டில் செய்கிற இனிப்பெல்லாம் வெளியேதான் போக வேண்டும். அப்படித்தான் அவள் ஊருக்கே பண்டம் செய்கிறவள் ஆனாள்.

பேப்பர் கதை பிறகு வந்தது. அரூஸ் கட்டுகஸ்தோட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். போன் வந்த பிறகு ஆட்கள் பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும் வந்து போனார்கள். அவன் யோசித்து, பழைய விதத்தில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துத் தருகிறேன் என்று பலகை போட்டான். கல்யாணப் பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனது. நாட்டில் டொலர் இல்லாத அந்த வருஷம் வெளியிலிருந்து பேப்பர் வருவது நின்றது. அரூஸ் போனில் பார்த்துப் படித்து, ஜெலட்டினைக் கரைத்து, வெள்ளி உப்பைக் கலந்து, தானே தாளில் பூசப் பார்த்தான். நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால் தானாகக் கறுத்துப் படம் எழும்புகிற பூச்சு அது. எழும்ப வேண்டுமானால் முதலில் தாளில் உட்கார வேண்டுமே. சேம்பிலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு உருண்டு ஓடியது.

ஒரு நாள் சோறு கொண்டுவந்த ஹபீலா, குப்பையில் கிடந்த தாள்களைப் பார்த்தாள். "மா இறுகின பொறகு அப்பம் சுத்துறியா தம்பி" என்று கேட்டு, கண்ணாடிக் கோலை அவன் கையிலிருந்து வாங்கினாள். தாளைக் கண்ணாடிப் பலகையில் விரித்து, கலவையை இளஞ்சூட்டில் ஊற்றி, கோலால் மேலிருந்து கீழே ஒரே இழுவை. பாதி சரியானது. மீதிப் பாதிக்கு மருந்து ஒன்று இருந்தது. லண்டனில் இருக்கிற தங்கச்சி ஒரு சின்னப் போத்தல் அனுப்பினாள். கலவையில் அதைப் பதினொரு சொட்டு விட்டால் போதும், பூச்சுக்கு வெட்கம் தெளிந்துவிடும். சுருங்காமல், ஒதுங்காமல், தாளின் நான்கு மூலைக்கும் போய்ப் படுத்துவிடும். பன்னிரண்டு விட்டால் நுரைக்கும். ஹபீலா பிஸ்மி சொல்லி எண்ணித்தான் விடுவாள்.

ஜெலட்டின் மாட்டெலும்போ வேறேதுமோ என்று பள்ளிவாசல் பக்கத்தில் யாரோ கேட்டபோது, "திங்கிறதுக்குத்தானே அந்தக் கேள்வி, இது பாக்கிறதுக்கு" என்றாள். சட்டியும் வேறு வேறுதான். பேப்பர்ச் சட்டியின் காதில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அந்தச் சேதி ஜெயராணிக்கு வந்து சேர இரண்டு வருஷம் ஆனது.

அது வந்தது சிந்துஜாவின் கல்யாணப் பேச்சோடு. நாவலப்பிட்டி நடராஜாவின் மகன் நிரஞ்சன், ரயில்வேயில் வேலை. ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருந்தியது. பிள்ளைகள் இரண்டும் போனில் பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு வாரத்தில் சிந்துஜா பாத்திரம் கழுவும்போதே தனியாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். தாய்க்கு அது போதாதா. ஆனால் நிரஞ்சனின் அம்மா ராக்கம்மாவுக்குப் போனில் வரும் படங்களில் நம்பிக்கை இல்லை. அதில் எல்லாப் பெண்ணும் ஒரே வெள்ளை, ஒரே வழவழப்பு, யாரைக் கட்டிவைக்கிறோம் என்றே தெரியாது, பூச்சு வேலை செய்யாத படம் ஒன்று வேண்டும் என்று சொல்லியனுப்பினாள்.

அப்படித்தான் ஜெயராணி மகளை அரூஸின் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனாள். படம் எடுத்து முடிந்ததும் ஒரு கட்டளையும் போட்டாள். அவர்கள் வழக்கத்தில் பெண் படத்தை மாப்பிள்ளை வீட்டுச் சாமி முன்னால்தான் முதலில் பிரிக்க வேண்டும், அதற்குமுன் ஒரு கண் படக்கூடாது. பெற்றவள் கண்ணும் ஆகாது. கவரில் போட்டு ஒட்டித்தான் தர வேண்டும்.

அரூஸ் மரியாதை தெரிந்த பிள்ளை. வெயிலில் வைத்தபோது தாளின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்து, கறுத்திருக்கிறதா என்று கணக்குப் பண்ணினான். கழுவும்போது குப்புறப் போட்டுக் கழுவினான். கவரில் வைக்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். ஜெயராணி கவரின் மூலையில் மஞ்சள் தடவி அனுப்பினாள். இப்படி எல்லாரும் ஒழுங்காக நடந்துகொண்டதில்தான் காரியம் கெட்டது.

நாலாம் நாள் ராக்கம்மாவிடமிருந்து போன். ஜாதகத்தில் ஏதோ குறுக்கே நிற்கிறதாம், இப்போதைக்கு வேண்டாமாம். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. பின்னாலேயே கவரும் தபாலில் திரும்பி வந்தது. ஜெயராணி பிரித்தாள். சிந்துஜா அழகாகத்தான் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னத்தில், வரிசையாக, மூன்று வெள்ளை வட்டம்.

சிந்துஜா எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, எனக்குத் தோல் வருத்தமா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவள் அதைத் திறக்கவேயில்லை.

ஜெயராணிக்கு விளங்கிவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஜாதகம் என்பார்கள். ஆனால் வெள்ளை படர்ந்த பெண் என்ற பேச்சு நாவலப்பிட்டியில் பஸ் ஏறினால் மடுல்கெல்ல வரைக்கும் இறங்காமல் வரும். இந்த மாப்பிள்ளை மட்டுமில்லை, இனி எந்த மாப்பிள்ளையும் இல்லை.

மறுநாள் காலையில் கடைக்கு லீவு சொல்லாமலே ஸ்டூடியோவுக்குப் போய், படத்தை மேசையில் வைத்தாள். அரூஸ் அப்போதுதான் முதன்முறையாக அதைப் பார்த்தான். அவன் முகம் தாளைப் போல ஆனது.

"நீங்க பாக்கலயா அரூஸ் நானா?"

"நீங்கதான் பாக்க வேணாம்னு சொன்னீங்க."

அது உண்மை என்பதால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அரூஸ் படிக்கட்டுப் பக்கம் திரும்பி ராத்தா என்று அக்காவைக் கூப்பிட்டான். ஹபீலா இறங்கி வந்தாள். குட்டையான உருவம், கண்ணாடி மூக்கு நுனியில், வெள்ளி உப்புப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுப்பு. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வலது கையை நீட்டி, மூன்று விரல் நுனிகளைச் சிந்துஜாவின் கன்னத்தில் வைத்தாள். மூன்று வட்டத்திலும் மூன்று விரலும் போய் உட்கார்ந்தன. சின்ன வயதில் கதவில் நசுங்கி நடுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும், நடு வட்டமும் அந்தளவு விலகித்தான் இருந்தது.

"இது என்ட விரல் தங்கச்சி. பிழை என்னில தான் ஈக்குது."

போத்தல் முடிந்துபோயிருந்தது என்றாள். கடைசி நாலு தாளைச் சொட்டு விடாமலே பூசினாளாம். அதே காலையில் நிக்காஹ் வீடொன்றுக்கு மஸ்கட் கிண்டியிருந்தாள். கை கழுவினாள்தான், ஆனால் மஸ்கட் எண்ணெய் ஒரு கழுவலில் போகிற எண்ணெயா. தாளைப் பிடித்த இடத்தில் எண்ணெய் ஒட்டியது, பூச்சு அந்த இடத்தை விட்டு ஒதுங்கியது. சொட்டு விட்டிருந்தால் எண்ணெய்க்கு மேலாலும் படர்ந்திருக்கும். தம்பியிடம் சொல்லாமல் தாளை அடுக்கில் வைத்தது பெரிய பிழை என்று தானே சேர்த்துக்கொண்டாள்.

ஜெயராணி வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஏச்சு ஒன்றும் உதவாமல் போயிற்று. இவள் மறுத்தால்தானே ஏச முடியும்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்றது? அங்க வந்து சொல்லுவீங்களா?"

"வாறேன். எப்ப?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறினார்கள். ஹபீலாவின் பையில் துணி சுற்றிய கண்ணாடித் துண்டு, கண்ணாடிக் கோல், ஒரு பெட்டி கடப்பாசி. கம்பளை தாண்டியதும் மழை பிடித்தது. ஹபீலா பெட்டியைத் திறந்து நீட்டினாள். ஜெயராணி தயங்கினாள்.

"சட்டி வேற வேற" என்றாள் ஹபீலா, கேட்காமலே.

ராக்கம்மா வீட்டில் கதிரை போட்டு, பால் இல்லாத பிளேன்டீ கொடுத்து, எல்லா மரியாதையும் நடந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை. ஹபீலா படத்தை வைத்து விரலை வைத்துக் காட்டினாள். யார் விரலும் பொருந்தும் என்று ராக்கம்மா தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். பருத்த கை, மூன்று வட்டத்தோடு மூக்கையும் சேர்த்து மூடியது. ஜெயராணியுடையதும் பொருந்தவில்லை. சரி, விரல்தான் என்று வையுங்கள் என்றாள் ராக்கம்மா. நானும் நாள் முழுக்கப் பேப்பரைத் தொடுகிறேன், வீட்டில் ஒரு காலண்டராவது வெளுத்ததா?

ஹபீலா கண்ணாடித் துண்டைத் தேநீர் மேசையில் வைத்தாள். "தலையில எண்ணெ வெச்சீக்கிறீங்களா?" என்று கேட்டாள். ராக்கம்மா வைத்திருந்தாள், தாராளமாக. தலையைத் தொட்டுவிட்டுக் கண்ணாடியில் மூன்று விரலை வைக்கச் சொன்னாள் ஹபீலா. பிறகு குடிக்காமல் ஆறிப்போயிருந்த பிளேன்டீயைக் கண்ணாடியில் ஊற்றிக் கோலால் இழுத்தாள். சாயம் பரவியது, மூன்று இடத்தில் மட்டும் விலகி நின்றது. ராக்கம்மாவின் விரல்கள் மூன்றும் வெறும் கண்ணாடியாகத் தெரிந்தன.

ராக்கம்மா குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சொட்டு விட்டால் இதுவும் மூடும், ஆனால் போத்தல் இன்னும் வந்து சேரவில்லை என்று ஹபீலா சொன்னபோது, அதுவரை மூலையில் இருந்த நடராஜா எழுந்து வந்தார். நகைக்கடையில் நகை கழுவி மினுக்குவது அவர் தொழில். இருபத்தெட்டு வருஷமாக வேறெதையும் அவர் இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

"எண்ணெய்ப் பிசுக்குக்கு மேலால தண்ணி நிக்கணும், அவ்வளவுதானேம்மா? எங்கிட்டப் பூந்திக்கொட்டைத் தண்ணி இருக்கு. எண்ணெ புடிச்ச சங்கிலியெல்லாம் அதுலதான் கழுவுறது."

சிங்களத்தில் பெணெல என்பார்களே, அந்தக் கொட்டைதான். உள்ளேயிருந்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார், மேலே நுரை கட்டியிருந்தது. ஹபீலா நுரையை வழித்துவிட்டு, ராக்கம்மாவை மறுபடி விரல் வைக்கச் சொல்லி, மீதிப் பிளேன்டீயில் கிண்ணத்துத் தண்ணீரை விட்டாள். பிஸ்மி சொல்லி, பதினொரு சொட்டு. இழுத்தாள். சாயம் எண்ணெய்க்கு மேலே ஏறி, ஒரு புள்ளி விடாமல், கண்ணாடி முழுவதும் படுத்தது. லண்டன் போத்தலுக்காகக் காத்திருந்த அவள்தான் எல்லாரையும் விட அதிகமாக அதிசயப்பட்டாள்.

ராக்கம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் முகத்தில் ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்வது போலச் சொன்னாள்.

"முகத்துல ஒண்ணுமில்ல மதினி. ஆனா ஜாதகத்துல என்னமோ நிக்குதுன்னீங்களே" என்றாள் ஜெயராணி.

ராக்கம்மா கதவைப் பார்த்தாள்.

"ஜாதகம் அன்னைக்கே பொருந்திருச்சே புள்ள" என்றார் நடராஜா. மனைவி பார்த்த பார்வையில் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ராக்கம்மா வேறு தேநீர் போடப் போனாள். இந்தமுறை பால் தேநீர். கடப்பாசிப் பெட்டியும் அப்போதுதான் திறந்தது. அவள் இரண்டு துண்டு தின்றுவிட்டு மகனைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளைக்குப் போன் எடு என்றாள். பிலிமத்தலாவை வீட்டில் சிந்துஜா முதல் மணியிலேயே எடுத்தாள் என்று ராஜலிங்கம் பிறகு சொன்னார். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

கல்யாணப் படமும் ஹபீலா பூசிய தாளில்தான் வந்தது. கவரில் போடுமுன் அரூஸ் பார்த்தான், ஹபீலா பார்த்தாள், ஜெயராணி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள், ராக்கம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண் பட்டால் படட்டும் என்று விட்டார்கள். ஒரு புள்ளி இல்லை.

லண்டன் போத்தல் வந்து சேர்ந்தது, அலுமாரியில் மூடி திறக்காமல் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை நடராஜா ஒரு பை பூந்திக்கொட்டை கொடுத்தனுப்புகிறார், ராக்கம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு துண்டு மஸ்கட் கேட்டு.

ஹபீலா இப்போது கட்டுகஸ்தோட்டையில், தம்பியின் ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில் இருக்கிறாள். திங்களும் வியாழனும் பேப்பர் பூசுகிறாள். அந்த இரண்டு நாளும் மஸ்கட் கிண்டுவதில்லை.