பூதத்துக்குப் பத்து மார்க்

அனிமே பார்த்து மார்க் போடுவதில் நான் கறார். சொந்த யூடியூப் சேனலில் பிடித்த தொடரையே கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் தங்கச்சி வந்து நின்றாள். அவள் முதன்முதலாகத் தமிழ் டப்பிங்கில் பேசிய படம் வெளியாகிவிட்டதாம். நான் உருகி உருகிப் பார்த்த மந்திர உலகத் தொடரின் ஸ்பெஷல் எபிசோட். அதில் சந்தையில் பலகாரம் திருடி விற்கும் குட்டிப் பூதத்துக்குக் குரல் அவள்.

ஞாயிற்றுக்கிழமை, வடசென்னை டோல்கேட்டில் அம்மாவின் இட்லிக்கடைக்கு விடுமுறை. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மூவரும் டிவி முன் உட்கார்ந்தோம்.

எழவு, அப்படியொரு மொக்கை. தொடரில் மலையையே பிளந்த மந்திரக்காரி இதில் பாதி நேரம் வெந்நீர் ஊற்றில் ஊறிக்கொண்டிருக்கிறாள். வாள்வீரன் திருவிழாவில் தொப்பி வாங்குகிறான். கதை என்று ஒன்றுமே இல்லை. எனக்குக் கடுப்பு தலைக்கேறியபோது பூதம் வந்தது.

"ஒக்காரு நைனா, சுடச்சுட கீது. துன்னுட்டுப் போ."

அம்மா குலுங்கிச் சிரித்தாள். "அய்ய, நம்ம கடைல நான் பேசறாப்லயே கீதே!"

"உன்னுதுதாம்மா. அவங்க எழுதிக் குடுத்தது நம்ம பேச்சே இல்ல. அதான் நீ பேசற மாதிரியே மாத்திப் பேசினேன்" என்றாள் தங்கச்சி. முகமெல்லாம் பெருமை. எனக்கும்தான். அந்தப் படத்திலேயே உயிரோடு இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

பூதம் மறுபடி வாயைத் திறந்தது. மந்திரக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். வாள்வீரன் அதே மாதிரி பேசிக் காட்ட, சந்தையே சிரித்தது. மற்ற எல்லோரும் பாடப் புத்தகத் தமிழ் பேசினார்கள். அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அது திருட்டுப் பூதமா?"

"ஆமாம்மா. காமெடிக்கு."

"ம்" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். தங்கச்சி அதைக் கவனிக்கவில்லை.

"எத்தினி மார்க்குண்ணா? பொய் சொல்லாத."

"படத்துக்கு நாலு. உனக்குப் பத்து."

இதுவரை யாருக்கும் நான் பத்து போட்டதில்லை. அது அவளுக்கும் தெரியும். கையால் வாயை மூடிக்கொண்டு அழுதேவிட்டாள்.

மறுநாள் காலை இருவரும் கடையில் அம்மாவுக்கு உதவிக்கொண்டிருந்தோம். எண்ணூர் போகும் லாரி டிரைவர் வந்தார், வருஷக்கணக்காக வருகிறவர். அம்மா அவரைப் பார்த்து, "உட்காருங்கள். இட்லி சூடாக இருக்கிறது" என்றாள்.

அவர் திகைத்துப் போனார். "இன்னாக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? யாரோ மூணாம் மனுசங்கிட்ட பேசறாப்ல பேசிக்கினு கீற?"

அம்மா இட்லித் தட்டில் இருந்த துணியை உரித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி கையில் தண்ணீர்ச் செம்போடு என்னையே பார்த்தாள். பேசும்மா, எப்போதும் போலப் பேசு என்று கத்த வேண்டும்போல இருந்தது. தங்கச்சியை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? போட்ட பத்தை எந்த வாயால் குறைப்பது?

அம்மா தட்டை நீட்டினாள். "சட்னி வேண்டுமா?" என்று கேட்டாள்.